புகைக்கு மூடிய முந்தானை

பேச்சால் எதையும் வெல்லலாம் என்று நம்பியிருந்த எனக்கு, என் பேச்சே அம்மாவின் உயிருக்கு எமனாகப் பார்த்த நாள் மறக்காது.

பாகலூர்ச் சாலையிலுள்ள ஓர் ஆலையின் வெண்புகையை நஞ்சென்று கல்லூரி மேடையில் முழங்கினேன். "அது வெறும் நீராவி, தம்பி" என்று பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்த ஒரு பொறியாளரை, "அப்படியானால் அதிலேயே இட்லி அவிக்கலாமே, ஐயா!" என்று மடக்கினேன். அரங்கம் அதிர்ந்தது. முதல் பரிசும் எனக்கே.

முன்வரிசையில் கைதட்டிய அம்மா, மறுநாள் முதல் அந்த ஆலையைக் கடக்கையில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே, ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலுக்கு வேலைக்குப் போனார்.

அடுத்த வாரமே ஒரு மதியம், வாந்தியும் மூச்சுத்திணறலுமாக அவரை மருத்துவமனையில் சேர்த்தோம்.

"என்ன ஆச்சும்மா?" என்றார் மருத்துவர்.

அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்தினேன். "ஆலைப் புகைதான் சார். மேடையிலேயே சொன்னேன்."

"நீ சும்மா இருப்பா. அவங்க பேசட்டும்."

"பூவுக்கு மருந்தடிச்சாங்க சார். ஈரம் காயறதுக்குள்ள பறிக்கப் போயிட்டேன்."

"பயமா இல்லயா?"

"அந்தப் புகைக் கம்பெனியத் தாண்டும்போதுதான் சார் பயம். மூக்க மூடிக்குவேன். குடிலுக்குள்ள வெறும் பூதானே?"

அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தப் பொறியாளரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. மருந்து நெடி வீசும் சேலையோடுதான் அம்மா ஆண்டுக்கணக்காக எனக்குச் சோறிட்டார். அதை உண்டுவிட்டுத்தான் நீராவியைச் சாட மேடையேறினேன்.