ரெஸ்ட் நிற்காத லேத்து

மாமனார் இறந்த பிறகு காரோடு ஊரில் அவருடைய ஷெட்டில் இருந்த, மரம் கடையும் லேத்தை நானும் கொழுந்தனும் பங்கிட்டுக்கொண்டோம். மதியம் வரை அவன், அதன் பிறகு நான். என் கணவர் வளைகுடாவில் இருந்தார். திருப்புறத்தில் என் பிறந்த வீட்டிலும் கடைசல் வேலைதான். அதனால் உளி எனக்குப் புதிதில்லை. கொழுந்தனுக்கு மட்டும் நான் அங்கே நிற்பதே பிடிக்கவில்லை.

ஒருநாள் கட்டில்கால் கடைந்துகொண்டிருந்தேன். உளியைத் தாங்கும் ரெஸ்ட் திடீரென்று பின்னால் நழுவியது. உளி மரத்தில் குத்தி ஏறி, கட்டில்கால் இரண்டாகப் பிளந்தது. உளிப்பிடி என் தாடையில் இடித்ததில் பல் உதட்டைக் கிழித்துவிட்டது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கொழுந்தன் தண்ணீர்கூட எடுத்துத் தரவில்லை.

"மைனி, இது பெண்ணுங்களுக்க வேலை இல்லையாக்கும். நான் அப்பவே பறஞ்சேன்."

"ரெஸ்ட் நிக்கல்ல. லீவரைப் பூட்டினாலும் பிடிக்கல்ல."

"எனக்குக் காலையில நல்லா நின்னுதே? உங்களுக்க கையாக்கும் சரியில்லாதது."

அவன் போன பிறகு எந்திரத்துக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ரெஸ்டின் அடியிலிருந்து ஒரு போல்ட், இரண்டு நீள இரும்புச் சட்டங்களின் நடுவே கீழே இறங்குகிறது. அதன் முனையில் ஒரு தகடும் நட்டும் உண்டு. லீவரைத் திருப்பினால் தகடு மேலே ஏறிச் சட்டங்களைக் கவ்வ வேண்டும். நட்டு தளர்ந்து கிடந்ததால் கவ்வவே இல்லை. தகட்டில் அப்பியிருந்த எண்ணெயையும் மரத்தூளையும் சுரண்டி எடுத்தேன். லீவர் பாதித் திருப்பிலேயே இறுகும் வரை நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். நட்டிலும் தகட்டிலும் சேர்த்து ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டேன்.

மறுநாள் மதியம் பார்த்தால் நட்டிலிருந்த கோடு ஒரு பக்கம், தகட்டிலிருந்த கோடு வேறு பக்கம். பிறகும் இரண்டு தடவை இதே கதை.

அடுத்த நாள் மதியத்துக்கு முன்பே போனேன். கொழுந்தன் கையில் ஸ்பேனரோடு எந்திரத்துக்கு அடியில் கிடந்தான். என் காலைப் பார்த்தே வந்தது நான்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். பதறவில்லை. மெல்ல எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டான். என் உதட்டுக் காயம் அப்போதும் ஆறியிருக்கவில்லை.

"எனக்க கண்ணுல குத்தியிருந்தா என்ன செய்வே?" என்றேன்.

"அதுக்காக்கும் வரண்டாம்னு சொல்லுதது. நீங்க வேலைக்கா வாறீங்க? அண்ணன் வரும்போ ஷெட்டு அவனுக்குன்னு ஆக்குவதுக்கு வாறீங்க. இது எனக்க அப்பனுக்க லேத்தாக்கும்."

"ஆமா, அதுக்குத்தான் வாறேன். இனியும் வருவேன். நீ செய்யுததைச் செய்."

அவன் ஸ்பேனரைத் தரையில் வீசிவிட்டு, "சவம்," என்று சொல்லி வெளியே போனான். எந்திரத்தைச் சொன்னானா என்னைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போய் இன்னொரு நட்டு வாங்கி வந்தேன். முதல் நட்டுக்கு அடியில் அதைப் போட்டு, ஒன்றையொன்று இறுக்கிப் பூட்டினேன். ஸ்பேனர் பிடியில் ஒரு குழாயைச் செருகி, முழு உடம்பையும் கொடுத்து முறுக்கினேன். அதன் பிறகு கோடு நகரவில்லை. அவன் கழற்றப் பார்த்ததற்கு அடையாளமாக நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன, அவ்வளவுதான்.

கணவரிடம் போனில் சொன்னேன். "விடு, தம்பிதானே," என்றார். போனை வைத்துவிட்டேன்.

கொழுந்தனும் நானும் இப்போது பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சபையில் உட்காரும்போதுகூட அவன் குடும்பம் ஒரு ஓரம், நான் மறு ஓரம். லேத்தைத் துடைக்காமல்தான் விட்டுப் போகிறான். சட்டங்களில் ஒட்டிய பலாப் பிசினைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மெழுகு தேய்த்த பிறகுதான் என் வேலையைத் தொடங்குகிறேன். மறுநாள் காலையில், நான் துடைத்து வைத்த சட்டங்களில் அவன் தள்ளும்போதும் ரெஸ்ட் சிக்காமல் லேசாக நகரும். அதை நினைத்தால்தான் எரிகிறது.