கடலூர் வரைக்கும்தான்

நான் இப்போது இருக்கும் ஊரில் காலை ரொட்டி வாங்க வேறு நாட்டுக்குப் போய்வருகிறேன். என் சொந்த ஊர் கிருமாம்பாக்கத்தில் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். பிரான்சின் வடக்கு ஓரத்தில் என் வீடு. தெருமுனையில் பூலான்ஜெரி, அதாவது ரொட்டிக்கடை. அந்தக் கடை மட்டும் பெல்ஜியத்தில் இருக்கிறது. கேட் இல்லை, கோடு இல்லை, கேட்க ஆளும் இல்லை. குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "எல்லை எங்கே இருக்கிறது?" என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பயப்படாதே, அந்தப் பக்கம் போலீஸ் நிற்பதில்லை" என்றார். என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, சும்மா பார்க்கத்தான் கேட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவே இல்லை. இன்றும் என்னைக் கண்டால் தைரியம் சொல்வதுபோல் தலையசைப்பார்.

எல்லை என்றால் எனக்குத் தெரியாதது இல்லை. கடலூர் சாலையில் வளர்ந்தவனுக்கு ஆற்றுப் பாலம்தான் எல்லை. இந்தக் கரை புதுச்சேரி, அந்தக் கரை தமிழ்நாட்டுக் கடலூர். பாலத்தைத் தாண்டும் பஸ்ஸில் போலீஸ்காரர்கள் ஏறி, "பாட்டில் இருக்கா?" என்று பையைத் தடவிப் பார்ப்பார்கள். சாராயம் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த சட்டம். மற்றபடி அத்தை வீடு அந்தக் கரையில், சினிமாவுக்குப் போவது அந்தக் கரைக்கு, பெண் கொடுப்பதும் எடுப்பதும் அப்படித்தான். அதை வேறு மாநிலம் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் தங்கை செல்வி கிருமாம்பாக்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். வீட்டில் ஒரே ஒரு கிரைண்டரோடு ஆரம்பித்தது, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. அவள் கணவர் குமார் குட்டியானை வண்டியில் கடைகடையாகப் போடுவார். பாதிக்கு மேல் கடைகள் அந்தக் கரையில். முதல்முதலாக அவளிடம் மாவு வாங்கியதே அங்கே பெட்டிக்கடை வைத்திருக்கும் எங்கள் அத்தைதான்.

போன வருடம் லீவில் போனபோது நான்தான் ஆரம்பித்தேன். பிரான்சில் நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில் ஒரு கரண்டி மாற்றி வைத்தால்கூடத் தாளில் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் எனக்குள் ஊறிவிட்டது. "பில்லு இல்ல, பதிவு இல்ல, என்னைக்காச்சும் வந்து புடிப்பான் செல்வி" என்று பயமுறுத்தினேன். தவளக்குப்பத்தில் ஒரு இன்டர்நெட் சென்டரில் அவளை உட்காரவைத்து ஜிஎஸ்டி பதிவு போட்டோம். சின்ன வியாபாரிகளுக்குக் காம்போசிஷன் என்று ஒன்று உண்டு. வரி குறைவு, கணக்கும் சுலபம். அதையே கேட்டேன். சென்டரில் இருந்த பெண் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக்கொண்டே வந்தது.

"வெளி மாநிலத்துக்குச் சரக்கு போவுதா சார்?"

"இல்லம்மா. கடலூர் வரைக்கும்தான்."

அது தலையாட்டிவிட்டுக் கட்டத்தில் டிக் அடித்தது. அந்தப் பெண்ணும் எங்கள் பக்கத்துப் பெண்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வெளி மாநிலம் என்றால் லாரி போகிற பம்பாய், பெங்களூர் என்றுதான் எனக்கு நினைப்பு. செல்வி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இந்த வருடம் லீவில் மாவு வண்டியில் நானும் ஏறிக்கொண்டு போனேன், அத்தையைப் பார்க்கலாம் என்று. பாலம் தாண்டியதும் வரித்துறை ஜீப். பாட்டில் தேடுகிறார்கள் என்று குமார் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். அதிகாரி பில்லை வாங்கிப் படித்தார், வண்டி எண்ணைக் குறித்தார், செல்வியை வரச் சொன்னார். அவள் ஸ்கூட்டியில் மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"நீங்க காம்போசிஷன்ல இருக்கீங்கம்மா. இதுல இருந்தா வெளி மாநிலத்துக்கு விக்கவே கூடாது. விக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"வெளி மாநிலம் இன்னா சார்? எங்க அத்த கடைக்குத்தான் போடறேன்."

அவர் கெட்டவர் இல்லை. சொல்வதை இரண்டு முறை பொறுமையாகத்தான் சொன்னார். நான்தான் குரலை உயர்த்தினேன். யார் நீங்கள் என்று கேட்டு அடையாள அட்டை கேட்டார். என்னிடம் இருந்தது பிரெஞ்சு பாஸ்போர்ட். புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். "சார், நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. இது அவங்க வியாபாரம்." பிறந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் ஓரமாகப் போய் நின்றேன். அவமானமாக இருந்தது. அதைவிட, அவர் சொன்னது சரி என்பதுதான் வலித்தது.

அபராதம் கட்டி வண்டியை எடுக்க மறுநாள் மாலை ஆகிவிட்டது. மாவு யாருக்காகவும் காத்திருக்காது. வெயிலில் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக உப்பி வெடித்து, வண்டித் தளமெல்லாம் வழிந்து, புளித்த வாடை ரோடு வரைக்கும் அடித்தது. செல்வி வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினாள். நான் துடைப்பத்தை எடுத்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் படிக்கல. ஒன்ன நம்பித்தாண்ணே கையெழுத்துப் போட்டேன்."

பெல்ஜியத்து ரொட்டிக்காரர் ஞாபகம் வந்தது. எல்லையே இல்லாத ஊர் என்று நான் பெருமையடித்துக்கொள்கிற இடத்தில், அவருக்கும் ஏதாவது தாளும் டிக்கும் இருந்திருக்கும். நான் வாங்குகிறவன், எனக்கு அது கண்ணில் படவில்லை. விற்கிறவருக்குத்தான் எல்லை எங்கே என்று தெரியும். ஒரு ஆடிட்டரிடம் முன்பே போயிருந்தால், "ஆத்துக்கு அந்தப்பக்கம் விக்கறீங்களா?" என்று ஒரே கேள்வியில் முடித்திருப்பார். இப்போது போனோம். சாதாரணப் பதிவுக்கு மாறினால் அந்தக் கரையிலும் விற்கலாம், ஆனால் மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டும், அதற்கு ஆள் வைக்க வேண்டும். செல்வி யோசித்துவிட்டு அந்தக் கரையை விட்டுவிட்டாள். வேலைக்கு இருந்த இரண்டு பேரில் ஒருத்தியை நிறுத்தினாள். இதில் எதையும் என்னிடம் கேட்கவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் தூக்கில் மாவு ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"அத்தகிட்ட குடுத்துட்டு வாண்ணே. இது விக்கறது இல்ல. பில்லு வேணாம்."

சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

பஸ் பாலத்துக்கு முன் நின்றது. சோதனைக்காரர் ஏறினார். மடியில் தூக்கு, சட்டைப் பையில் பாஸ்போர்ட். என் கை தானாகப் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. தூக்கு மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"மாவா? வூட்டுக்கா?"

"ஆமாங்க."

எந்த வூடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்தக் கரையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.