அக்கா விற்ற பைப்பும் ஆறிய பாலும்

இந்த நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகனும் மகளும் கேட்டுக்கொண்டார்கள். கூடவே மகள் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். "சித்தி, அந்தப் புகையிலைக் கடை சமாச்சாரத்தைக் கொஞ்சம் சுருக்கமா எழுதுங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்க எல்லாம் படிப்பாங்க."

சுருக்கமாக எழுதலாம்தான். ஆனால் கடையை எடுத்துவிட்டால் அக்காவின் வாழ்க்கையில் மிஞ்சுவது பிறந்ததும் மறைந்ததும்தான். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். சம்பந்தி வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது குன்னூரில், நாடு விடுதலை அடைந்த சில ஆண்டுகளுக்குள். எங்கள் அப்பா காரமடையிலிருந்து மலையேறி வந்தவர். வெள்ளைக்காரர் ஒருவரின் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் சீமைக்குக் கப்பலேறியபோது மிச்சமிருந்த சரக்கை வாங்கிக்கொண்டு மார்க்கெட் சரிவில் தனியாகக் கடை போட்டார். பைப், பைப் புகையிலை, சுருட்டு, தீப்பெட்டி, மழைக்காலத்தில் குடை. எஸ்டேட் துரைமாரும் வெலிங்டன் ராணுவ அதிகாரிகளும் வாடிக்கை. வெள்ளைத் துரைகள் போய் நம்மவர்கள் துரைகளான பின்பும் பைப் மட்டும் போகவில்லை. புதிதாக உதவி மேனேஜர் வேலைக்கு வந்த சின்னதுரை ஒவ்வொருவரும், முதல் சம்பளத்தில் ஒரு பைப் வாங்கி வாயில் வைத்தால்தான் ஆட்கள் தன்னை மதிப்பார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது.

அக்கா பள்ளிப் படிப்பை முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போகக் காத்திருந்தபோது அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது. அக்கா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தார். அம்மா அழுதார். "பொம்பளப் புள்ள புகையிலைக் கடையில உக்காந்தா நாளைக்கு எவன் உன்னையத் தேடி வருவான், கண்ணு?"

"நாளைக்கு வர்றவனைப் பத்தி நாளைக்குப் பாக்கலாமுங்கம்மா. இன்னிக்கு வர்றவங்களுக்கு டப்பா எடுத்துக் குடுக்க ஆளு வேணுமல்லங்க," என்றார் அக்கா.

அம்மா பயந்தபடியேதான் நடந்தது. ஜாதகம் பொருந்தும், நாள் குறிப்பார்கள், பிறகு யாராவது ஒருவர் "அந்தப் பொண்ணு கடையில உக்காந்து பைப் விக்குதாமா" என்று ஓதிவிடுவார்கள், வந்த வரன் வந்த வழியே போய்விடும். அக்காவுக்கு இருபத்தைந்து தாண்டிவிட்டது. தான் போக ஆசைப்பட்ட ஆசிரியர் பயிற்சிக்கு என்னை அனுப்பியிருந்தார். நான் விடுமுறையில் வந்து கடையில் உட்காரும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். வரனைப் பற்றி அம்மா பேச ஆரம்பித்தால் அக்கா டப்பாக்களைத் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்த டப்பாவையே திரும்பவும் துடைப்பார்.

பைப்பை அக்கா ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அக்காதான் பாடம் சொல்வார். வாங்கிப்போனவர் திரும்பி வந்து எதைக் குறை சொல்கிறாரோ, அதைக் காதில் வாங்கி அடுத்தவருக்குச் சொல்லிவிடுவார். அப்படிச் சேர்ந்த படிப்பு அது. அந்தப் பாடத்தை நான் முழுதாகக் கேட்டது ஓர் ஐப்பசி மாதத்தில். சாரலும் மூடுபனியுமாக இருந்த பகலில் மெலிந்த உடம்புக்காரர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு கடையேறினார்.

"ஒரு பைப் வேணுமுங்க."

"இதுக்கு முன்னால புடிச்சிருக்கீங்ளா?"

"இல்லீங்க. புதுசுங்க."

"அப்படின்னா ஆரம்பிக்காம இருக்கறது நல்லதுங்க. ஒடம்புக்கும் ஆகாது, காசுக்கும் ஆகாது."

புதியவர் எல்லோருக்கும் அக்காவின் முதல் பாடம் இதுதான். அப்பா நன்றாக இருந்த காலத்தில் இதற்காகவே அக்காவைத் திட்டியிருக்கிறார். அந்த மனிதர் அசையவில்லை. சரி, தலையெழுத்து என்று அக்கா அடுத்த பாடத்துக்குப் போனார்.

பார்க்கப் பகட்டாக வளைந்தும் நெளிந்தும் இருப்பதை எடுக்காதீர்கள், கனமில்லாத நேர் பைப்பாக எடுங்கள், கனத்தால் பல் வலிக்கும் என்றார். வேர்க்கட்டையில் கடைந்ததுதான் சூடு தாங்கும். புகை வரும் துளை, புகையிலை வைக்கும் கிண்ணத்தின் அடியில் சரியாக வந்து சேர்கிறதா என்று பஞ்சு சுற்றிய கம்பியை விட்டுக் காட்டினார். முதல் சில தடவை பாதிக் கிண்ணம் போதும், உள்ளே கரி படிந்து பழக வேண்டும். ஒரு முறை பிடித்தால் மறுநாள் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றக் கூடாது, கல்லில் தட்டிச் சாம்பல் கொட்டக் கூடாது.

புகையிலைக்கு வந்தபோது அவர் டப்பாக்களை ஒவ்வொன்றாக முகர்ந்து, இருப்பதிலேயே தித்திப்பாக மணந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். அக்கா அதைத் திரும்ப வாங்கி வைத்தார்.

"மோந்து பாக்கறப்ப இனிக்கறதெல்லாம் நாக்குல இனிக்காதுங்க. இது பாகு சேத்துனது, ஈரமா இருக்கும், சூடு ஏறும். வாசனை இல்லாத சாதுவான சரக்கா எடுங்க."

"இல்லீங்க, இதே இருக்கட்டுமுங்க."

"உங்க இஷ்டமுங்க. ஆனா நம்மூரு பனிக்கு எல்லாப் புகையிலையும் நமுத்துப் போயிரும். ஒரு காயிதத்துல பரப்பி ஆற வெச்சுட்டு, புடிச்சு உட்டா தானா விரியணும். ஒட்டிட்டு நின்னா இன்னும் காயலைன்னு அர்த்தம். ஈரத்தோட பத்த வெச்சா அணைஞ்சுக்கும். அணையுதேன்னு வேகமா இழுத்தீங்கன்னா ஆவி நாக்கைப் பொசுக்கிப் போடும்."

கிண்ணத்தை நிரப்புவதையும் செய்தே காட்டினார். முதல் பங்கு தானாக விழ வேண்டும், அடுத்ததை விரலால் தொட்டால் போதும், கடைசியை மட்டும் கொஞ்சம் அழுத்தலாம். தீக்குச்சியின் மருந்து நாற்றம் போனபின் நெருப்பை மேலே சுற்றிக் காட்ட வேண்டும். மேல்பரப்பு கருகி எழும், அதை லேசாக அமுக்கி இரண்டாம் முறை பற்றவைக்க வேண்டும். அதன் பிறகு சூடான டீயை உறிஞ்சுவதுபோல் மெதுவாக இழுக்க வேண்டும், நெஞ்சுக்குள் விடக் கூடாது. "அணைஞ்சா ஒண்ணும் மானம் போயராதுங்க. மறுக்கா பத்த வெச்சுக்கலாம். அவசரந்தான் ஆகாது."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் பார்வை பைப்பின் மேல் இல்லை, அக்காவின் மேல் இருந்தது என்பதை நான் கவனித்தேன். அக்கா கவனித்தாரா என்று பிறகு கேட்டபோது, "கடையில வந்து நிக்கறவன் சரக்கைத்தான் பாப்பான்னு இருந்தேன்," என்றார். அது பொய்யா மெய்யா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் மேட்டுப்பாளையத்துத் தரகர் சொல்லி ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பையன் மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியில், தேயிலையை ருசி பார்த்துப் பக்குவம் சொல்லும் டீமேக்கருக்கு உதவியாளர். வந்தவர்கள் பையன், அவருடைய அம்மா, சித்தப்பா, தரகர். எங்கள் உறவில் ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் என்றால் வைத்த பலகாரத்தில் முதலில் மாப்பிள்ளை கை வைப்பார், பிறகு அவர் பக்கத்தார் கை நனைப்பார்கள். சம்மதம் இல்லை என்றால் வயிறு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொள்வார்கள். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. எங்கள் வீட்டில் தள்ளிவைத்த தட்டுகளை அம்மா பலமுறை எடுத்திருக்கிறார்.

நானும் அக்காவும் சமையல்கட்டுக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றோம். மாப்பிள்ளை யார் என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூடுபனியில் வந்து பைப் வாங்கிப்போன அதே ஆள். பெண்ணைக் கடையில் வைத்தே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார். அக்கா சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை காபித் தம்ளரை எடுத்து உதட்டில் வைத்தார். முகம் சுருங்கியது, கீழே வைத்துவிட்டார். மிளகாய் பஜ்ஜியைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனவர் அதையும் தட்டிலேயே போட்டார். பிறகு தட்டைத் தொடவே இல்லை. அவருடைய அம்மா மகன் முகத்தைப் பார்த்தார். தரகர் செருமினார். சித்தப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், எழப்போகிறவர் செய்வது அது. கட்டிலில் படுத்திருந்த அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாக்கைப் பொசுக்கிக்கிட்டாரு," என்று அக்கா என் காதில் சொன்னார். "ஈரத்தோட பத்த வெச்சு வேகமா இழுத்திருக்காரு."

"இப்ப என்ன பண்றதுக்கா?"

உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை திருட்டுத்தனமாகக் கடைக்கு வந்ததும் பைப் பிடித்ததும் அவருடைய அம்மாவுக்குத் தெரிந்துவிடும், சம்பந்தம் முறியும். சொல்லாவிட்டால் தட்டுத் தள்ளினதாக முடிவாகும், அப்போதும் முறியும். அக்கா அடுப்படியில் இருந்த பாலை ஒரு தம்ளரில் ஊற்றினார். குன்னூரில் பாலை ஆற வைக்க வேண்டியதில்லை, இறக்கி வைத்தால் தானே ஆறிவிடும். கூப்பிடாமலே கூடத்துக்குப் போய் மாப்பிள்ளை முன்னால் வைத்தார்.

"சூடா எதுவும் குடுக்காதீங்க. அவருக்கு நாக்கு வெந்து போயிருக்குதுங்க. நம்ம கடையில வாங்கின பைப்புதானுங்க. டீமேக்கருக்கு நாக்குதான் சோறு போடுது, ரண்டு நாளைக்கு ஆறினதாக் குடுங்க."

மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்து, "பைப்பா? என்றா இது?" என்றார்.

"ஆமாங்கம்மா." நாக்கு தடித்திருந்ததால் அது சரியாகக்கூட வரவில்லை.

அந்த அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "நீயே வித்துப்போட்டு, நீயே வைத்தியமும் பண்றயா?"

"வேண்டாம்னுதானுங்க மொதல்ல சொன்னேன். கேக்கலீங்க."

"எஞ்சொல்லையுந்தான் கேக்கறதில்லை. இனி உன்ற சொல்லையாவது கேக்கறானான்னு பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கேசரியில் கை வைத்தார். மகன் வாயில் வைக்காத தட்டு இருக்கத் தாய் கை நனைத்ததை எங்கள் உறவில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை பாலை எடுத்துக் குடித்தார்.

தை மாதம் திருமணம். மாப்பிள்ளை எனக்கு மாமா ஆனார். அக்கா கடையை விட்டு வர முடியாது என்றதும் மாமா மஞ்சூரை விட்டுக் குன்னூர் அருகே வேறொரு ஃபேக்டரிக்கு மாறிக்கொண்டார். பொண்டாட்டிதாசன் என்று உறவினர்கள் பேசினார்கள். பேசியவர்களுக்கும் மழைக்காலத்தில் அக்காதான் குடை விற்றார், விலை குறைக்காமல்.

மாமா பைப்பை விடவில்லை. அக்கா அதற்கு ஒரு ஒழுங்கு வைத்தார். தேயிலை மற்ற வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பதால் ஃபேக்டரிப் பக்கம் பைப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும், வாசலுக்கு வெளியே. அக்காவே புகையிலையை அடுப்பருகே காயிதத்தில் உலர்த்தி, நிரப்பிக் கையில் கொடுப்பார். மாமாவின் நாக்கு மறுபடி வெந்ததில்லை. டீமேக்கராக உயர்ந்து அந்த நாக்கினாலேயே பெயர் வாங்கினார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து மறைந்தார்கள். இருவரையும் கடைசிவரை அக்காதான் பார்த்துக்கொண்டார். பைப் கேட்டு வருகிறவர்கள் குறைந்தபோது கடையை ஸ்வெட்டர் கடையாக மாற்றினார். அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாக எனக்கு நினைவில்லை. "ஸ்வெட்டர் வாங்கறவனுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை, தொண்டத்தண்ணி மிச்சம்," என்றார். மகனையும் மகளையும் படிக்க வைத்தார். கோபக்காரர், பிடிவாதக்காரர், சொன்ன விலையில் நிற்பவர். பொறுமையின் வடிவம் என்றெல்லாம் எழுதினால் அவரே எழுந்து வந்து அடித்துத் திருத்துவார்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காவின் இருதயம் பலவீனப்பட்டது. அன்றோடு மாமா பைப்பை நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை. கடைசி மாதங்களில் மாமாதான் கஞ்சி ஊட்டினார், முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு. "இன்னும் கொஞ்சம் ஆறட்டுமுங்க," என்று படுக்கையிலிருந்தும் அக்கா குறை சொல்வார். வெயில் வந்த ஒரு காலையில் கஞ்சி ஆறுவதற்குள் அக்கா போய்விட்டார். அக்கா இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், நேரம் பார்க்காமல் வண்டி எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், சாயங்கால மழையில் சரிவேறி வந்து தோள் கொடுத்த ஃபேக்டரித் தோழர்களுக்கும், அன்று கடையடைத்த மார்க்கெட் அண்ணன்மாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கருமாதி அன்று சமைத்துப் பரிமாறியவர்களிடம் மட்டும் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும், அன்று பந்தி தாமதமானதற்கு.

அது இப்படித்தான் நடந்தது. மாமாவை முதல் இலையில் உட்கார வைத்தோம். அவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். பரிமாறி முடிந்தும் மாமா இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பந்தியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிடாமலே வந்து பேசுகிறவர் படத்தில் மாலையோடு இருந்தார்.

நான் சமையல்கட்டுக்குப் போய் ஆறிய பாலை ஒரு தம்ளரில் ஊற்றி வந்து அவர் இலையருகே வைத்தேன். மாமா தம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நாக்கு நல்லாத்தான் இருக்குது அம்மிணி," என்றார்.

சொல்லிவிட்டு அதை முழுதும் குடித்தார். பிறகு இலையில் கை வைத்தார்.