கல்மண்டபத்தில் அசைந்த கை

கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலையும் பொறுமை எனக்கு இல்லை. அதனால்தான் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் லென்ஸாகப் பார்த்து வாங்கினேன். நம் கை எந்தப் பக்கம் ஆடுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்து ஈடுகட்டிவிடும். மங்கிய வெளிச்சத்தில் ஷட்டர் அரை வினாடி திறந்திருந்தாலும் படம் கலங்காது. தல்லாகுளத்தில் என் அலுவலகத்துப் பக்கத்து மேசைக்காரன் இதை நம்பவில்லை. "இருட்டுல கையில பிடிச்சே எடுப்பியா? சும்மா அளக்காத மாப்ள" என்றான்.

அவனுக்குக் காட்டத்தான் ஒரு சனிக்கிழமை மாலை, அவன் பைக்கிலேயே நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால், கண்மாய்க் கரையில் இருக்கும் பழைய கல்மண்டபத்துக்குப் போனோம். வெளியே வெயில் இன்னும் இருந்தது. உள்ளே தூண்களுக்குப் பின்னால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வௌவால் நாற்றம். வாசலில் ஒரு புல்லுக்கட்டு கிடந்தது. படத்தைக் கெடுக்கும் என்று அதை ஓரமாகப் போடச் சொன்னேன். போட்டான்.

முதலில் நடுக்கத்தைச் சரிக்கட்டும் அந்த ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு ஒன்று எடுத்தேன். எல்லாம் கலங்கல். பிறகு அதைப் போட்டு எடுத்தேன். தூணில் உளி கொத்திய தடம்கூடத் தெரிந்தது. "அட, ஆமாடா!" என்றான். ஆனால் இடது மூலையில், தரைக்குக் கொஞ்சம் மேலே, வெளிறிய தீற்றல் ஒன்று விழுந்திருந்தது. மறுபடி எடுத்தேன். அதே தீற்றல். "பேசாம நில்லு. மூச்சுவிடாத" என்று அவனை அதட்டிவிட்டு இன்னும் மூன்று எடுத்தேன். ஒவ்வொன்றையும் பார்ப்பதும் ஷட்டர் அளவை மாற்றுவதுமாக நேரம் போனது. புது லென்ஸில் கோளாறோ என்று எரிச்சலாக வந்தது.

அப்புறந்தான் உறைத்தது. லென்ஸ் என் கை ஆட்டத்தைத்தான் சரிக்கட்டும். எதிரே இருப்பது அசைந்தால் அது கலங்கித்தான் விழும். அப்படியென்றால் அங்கே ஏதோ அசைகிறது.

கடைசிப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். தீற்றலின் நுனியில் விரல்கள். கொஞ்சம் மேலே ஒரு வளையல்.

"மாப்ள, உள்ள ஆளு கெடக்குடா!" என்று கத்தினேன்.

செல்போன் வெளிச்சத்தோடு ஓடினோம். பதினைந்து அடி தூரம்கூட இருக்காது. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் சுவரோடு சாய்ந்து கிடந்தார். இமைகள் பாதி மூடித் தொங்கின. வாயோரம் எச்சில் வழிந்தது. வீங்கிய கணுக்காலில் பாம்பின் பல் தடம்.

"அக்கா, கேக்குதாக்கா?"

விரல் லேசாக அசைந்தது. குரல் வரவில்லை.

நூற்றியெட்டுக்குப் போன் செய்தேன். மெயின் ரோட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பைக்கில் அவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தலை நிற்காமல் என் கையில் துவண்டு விழுந்தது. வழியெல்லாம் "அக்கா, அக்கா" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி, மூக்கில் ஆக்சிஜனை மாட்டியபோதுதான் கேமரா என் கழுத்தில் தொங்குவதே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து படங்களை வரிசையாகப் பார்த்தேன். தெளிவாக விழுந்த ஐந்திலும் அந்தக் கை இருந்தது. முதல் படத்தில் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. அடுத்தடுத்த படங்களில் தாழ்ந்துகொண்டே வந்தது. ஐந்தாவதில் தரையைவிட்டு விரல் மட்டுந்தான் எழுந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புல்லறுக்க வந்த இடத்தில் கடித்திருக்கிறது. தலை சுற்றவும் மண்டபத்துக்குள் ஒதுங்கியிருக்கிறார்.

"நீங்க வந்தது, பேசுனது அம்புட்டும் கேட்டுச்சு தம்பி. கத்தணும்னு பாக்குறேன், நாக்கு பொரளல. மூச்சுவிடாதன்னு சத்தம் போட்டீகளே, என்னையத்தான் சொல்றாகளோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அவருடைய கணவர், யாரென்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா மூச்சு நின்னுருக்கும்னு டாக்டர் சொன்னாரு. பாத்த ஒடனே தூக்கிட்டு ஓடியாந்தீகளாம்ல?"

வாசலில் நின்று கால் மணி நேரம் படம் எடுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமா, ஒடனேதான்" என்று அந்த அக்கா முந்திக்கொண்டார்.