மூன்றாவது கேள்வி

அந்த மனநல மருத்துவமனையில் மருந்து வாங்க மூன்று ஜன்னல்கள் உண்டு. முதல் இரண்டிலும் வரிசை சரசரவென்று நகரும். மூன்றாவதில் மட்டும் ஆமை தோற்றுப்போகும். அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். சேர்ந்த புதிதில் யாரோ விளையாட்டாக வைத்தது. பத்தொன்பது வருஷத்தில் சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

சீட்டை வாங்கினோமா, மாத்திரையை எண்ணினோமா, கொடுத்தோமா என்று இருக்க மாட்டாள். மூன்று கேள்வி கேட்பாள். தூக்கம் எப்படி இருக்கிறது? தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறீர்களா? மூன்றாவதுதான் முக்கியமானது. கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்கிற மாத்திரை ஏதாவது உண்டா?

மூன்றாவதற்கு எல்லோரும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதாக அவர்களுக்கே தெரியாது. வலி மாத்திரையும் சளி மாத்திரையும் அவர்கள் கணக்கில் மருந்தே கிடையாது, அவை மிட்டாய்க்கு அண்ணன் தம்பி. அவள் விடாமல் வாயைப் பிடுங்குவாள். இப்படிக் கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. டாக்டர் கேட்க வேண்டியது அது. ஒரு காலை நேரத்தில் எண்பது பேரைப் பார்க்கிற டாக்டர் எதைத்தான் கேட்பார்? பக்கத்து ஜன்னல்காரர், “உனக்கு ரெண்டு சம்பளம் குடுக்கணும், ஒண்ணு வாய்க்கு” என்று கிண்டல் செய்வார். அவள் சட்டை செய்ய மாட்டாள்.

ஊருக்கெல்லாம் கேட்ட அந்தக் கேள்வியை வெகுகாலம் வரை அவள் கேட்காமல் விட்டது ஒரே ஒரு ஆளிடம். அது அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பி டைல்ஸ் போடுகிறவன். அம்மா அப்பா போன பிறகு அக்காவும் தம்பியும்தான் வீடு. மட்டப்பலகை வைக்காமலே தரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்று உள்ளங்காலால் சொல்லிவிடுவான். கட்டடம் முடிக்கச் சொன்ன நாள் நெருங்கினால் இரவு பகலாக வேலை வாங்குகிற ஒரு மேஸ்திரியிடம் அவன் சேர்ந்தான். அந்த மேஸ்திரி கையில் ஒரு டப்பா இருக்கும். “சத்து மாத்திரைடா, போட்டுக்கோ, களைப்பு தெரியாது” என்று டீயோடு சேர்த்து எல்லோருக்கும் கொடுப்பார். களைப்பு தெரியவில்லைதான். லீவு நாளிலும் கூட்டாளிகளோடு உட்கார்ந்து அதையே பொடித்து உறிஞ்சுகிற அளவுக்குத் தெரியவில்லை.

தம்பி அந்த நாட்களில் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். வீட்டுக்கு வந்தும் உட்கார மாட்டான், சமையலறை அலமாரியைக் கழற்றித் திரும்ப மாட்டுவான். பையனுக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்று இவள் பூரித்துப்போனாள். அட, மருந்து படித்தவளே, உன் கண் எங்கே போயிருந்தது என்று பிறகு தன்னையே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற யாராவது அப்படிப் பேசியிருந்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாள்.

அந்தப் போதை மாத்திரை செய்கிற வேலை அவளுக்கு மனப்பாடம். மூளையில் டோபமைன் என்று ஒன்று சொட்டுச் சொட்டாக ஊறும். ஒரு நல்ல வாய்ச் சோறு, ஒரு பாராட்டு, முடிந்த வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. மாத்திரை அந்தத் தொட்டியையே கவிழ்த்துவிடும். முதலில் சொர்க்கம்தான். பிறகு மூளை தாங்காமல் வாங்குகிற கைகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொள்ளும். சோறு ருசிக்காது, பாராட்டு இனிக்காது. மறுபக்கம், ஒன்றுமில்லாததெல்லாம் பெரிய சங்கதியாகத் தெரிய ஆரம்பிக்கும். சுவரில் விழுகிற நிழல் ஏதோ சொல்ல வரும். பிறகு சொல்லவும் செய்யும்.

தம்பிக்குத் தரைக்கு அடியில் ஆள் பேசுவது கேட்டது. ஒரு நாள் காலை கடப்பாரையை எடுத்து, தான் போட்டு முடித்த பெரிய ஹால் முழுவதையும் பெயர்த்துவிட்டான். உள்ளே ஒருத்தர் மாட்டிக்கொண்டு கத்துகிறார், காப்பாற்றுங்கள் என்று அழுதானாம். விரல் நகம் இரண்டு பிய்ந்திருந்தது.

கூட்டாளி ஒருத்தன் டப்பா சங்கதியைச் சொல்ல, அவள் ஓடிப்போய் மேஸ்திரியைக் கேட்டாள். வேலையாட்கள் சுற்றி நிற்க அவர் வெற்றுக்கையை விரித்துக் காட்டினார். “பைத்தியம் உங்க ரத்தத்துலயே இருக்கும்மா. அதை ஏன் என் தலையில கட்டுறீங்க?” என்றார். போலீசில் சொன்னாள். டப்பாவைக் கண்ணால் பார்த்த ஆறு கூட்டாளிகளுக்கும் ஒரே நாளில் கண் தெரியாமல் போனது.

அது நடந்து பதினோரு வருஷம். தம்பி இப்போது வீட்டில்தான் இருக்கிறான். தினமும் போடுகிற மாத்திரை டோபமைன் போய்ச் சேருகிற கதவுகளைப் பூட்டி வைக்கிறது. தரைக்கு அடியில் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். கூடவே தம்பியின் சிரிப்பும் பூட்டிக்கொண்டது. கை நடுக்கம், ஊதிப்போன உடம்பு, பலகை போல நடை. மருந்தை அவள் குறை சொல்ல மாட்டாள். அது இல்லாவிட்டால் அவன் மறுபடி கடப்பாரையைத் தேடுவான். ஆனால் ஒவ்வொரு காலையும் அவன் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போது அவளுக்கு அந்த விரித்த வெறுங்கை ஞாபகம் வரும். பாத்திரம் கழுவும்போது மனசுக்குள் மேஸ்திரியை விதவிதமாகத் தண்டிப்பாள். சாகடிக்க மாட்டாள். செத்துப்போனால் அவருக்கு என்ன தெரியும்?

ஒரு திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். மூன்றாவது ஜன்னலில் ஒரு குரல், “மேடம், கொஞ்சம் சீக்கிரம்” என்றது. நிமிர்வதற்கு முன்பே அவளுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

அவரேதான். தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். இவள் முகக்கவசம் போட்டிருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சீட்டைப் பார்த்தாள். மூன்று வாரம் தூங்காமல், தான் நகரத்தையே விலைக்கு வாங்கப்போவதாகப் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறார். புதிதாக லித்தியம் எழுதியிருந்தார்கள். அவருடைய சட்டைப்பையில் சிவப்பு அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. முழங்கால் வலிக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை. அதில் பாதி காலியாகியிருந்தது.

லித்தியம் ஒரு கோடு போட்ட மருந்து. கோட்டுக்குள் இருந்தால் கொந்தளிக்கிற மனசை அடக்கி உட்கார வைக்கும். கோட்டைத் தாண்டினால் விஷம். அதை வெளியேற்றுவது சிறுநீரகம். அந்தச் சிவப்பு அட்டை மாத்திரை சிறுநீரகத்தின் கையைக் கட்டிப்போடும். உள்ளே போன லித்தியம் வெளியே வராமல் ஏறிக்கொண்டே போகும்.

“தூக்கம் எப்படி?” என்று கேட்டாள். இப்போதுதான் கொஞ்சம் வருகிறது என்றார். “தண்ணி குடிக்கிறீங்களா?” குடிக்கிறேன் என்றார். மூன்றாவது கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். இரண்டு வாரத்துக்கான மாத்திரையை எண்ணி உறையில் போட்டு நீட்டினாள். ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லிச் சீட்டில் இருந்தது. அதையும் அவள் வாயால் எடுத்துச் சொல்லவில்லை.

யாரும் எதுவும் கேட்க முடியாது. அவள் ஒன்றும் செய்யவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மற்ற ஜன்னல்காரர்களைப் போல நடந்துகொண்டாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவளுக்கு வயிறு குளிர்ந்திருந்தது. இதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. பசி எடுத்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். தம்பி சுவரைப் பார்த்தபடியே, “என்னக்கா, இன்னிக்கு சந்தோஷமா இருக்கே?” என்று கேட்டான். மாதக்கணக்கில் அவனாக வாய் திறந்து கேட்ட கேள்வி அது.

“ஆமாண்டா, உன் மேஸ்திரியைப் பார்த்தேன்.”

“எந்த மேஸ்திரி?” என்றான் தம்பி. அவன் நடிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அவன் தலையில் அழிந்து போயிருந்தது.

பதினைந்தாம் நாள் மேஸ்திரி வந்தார். மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். கால் அகலமாக வைத்துத் தள்ளாடினார். சீட்டை ஜன்னலுக்குள் நீட்டியபோது அது காற்றில் அடிபட்டதுபோல் படபடத்தது. இவள் அந்தக் கையையே பார்த்தாள். அப்படியே தம்பியின் கை. பரிசோதனைக்குப் போகவில்லையா என்று கேட்டாள். ஊசி என்றால் அப்பாவுக்குப் பயம், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டார், மூன்று நாளாக வயிற்றுப்போக்கு வேறு என்றாள் மகள்.

பதினோரு வருஷம் காத்திருந்த நிமிஷம் இது. கேள்விக்காரி முகக்கவசத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“என்னைத் தெரியுதா?”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “நர்சம்மாதானே?” நாக்கு குழறியது.

“ஹால் தரையைக் கடப்பாரையால பேத்தானே ஒருத்தன். நீங்க டப்பாவுல வெச்சுக் குடுத்தீங்களே. அவனோட அக்கா நான்.”

அவர் எங்கேயோ தேடினார். உதடு கோணிக்கொண்டு அசைந்தது. “தரையா? நான் தரை போடலையே மேடம். நான் எதுக்கு வந்தேன்?” என்று மகளைப் பார்த்தார்.

கேள்விக்காரிக்கு அந்த ஜன்னல் கண்ணாடியை உடைக்க வேண்டும் போல இருந்தது. யாருக்குச் சொல்வது? ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று சண்டை பிடிப்பது போல ஆகிவிட்டது அவள் பிழைப்பு. நடந்த அநியாயம் முழுதாக இருந்தது மூன்று தலைகளில். தம்பியின் தலையில் அதை அந்த டப்பா அழித்துவிட்டது. இப்போது இந்த ஆளின் தலையில் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் இவள் ஒருத்திதான் அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். குற்றம் செய்தவன் சிவனே என்று மறந்துவிட்டுப் போய்ச் சேருவான். இதற்கா பதினோரு வருஷம் பல்லைக் கடித்தாள்? தப்பவிடக் கூடாது என்று அவளுக்கு வெறி வந்தது.

“கடையில தானா வாங்கிப் போட்டுக்குற மாத்திரை ஏதாவது உண்டா?” என்று மகளிடம் கேட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

“சும்மா கால் வலி மாத்திரைதான். ஒரு நாளைக்கு மூணு போடுறார்.”

ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். அவரை ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, அவளே தள்ளிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினாள். “லித்தியம் ஏறியிருக்கு, கூடவே வலி மாத்திரை, பதினஞ்சு நாளா” என்று டாக்டரிடம் சொன்னாள். “போன தடவை அவர் பையில அதைப் பார்த்தேன். கேட்கல” என்பதையும் சொன்னாள். டாக்டர் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு நரம்பு தேடக் குனிந்தார். பின்னால் நிர்வாகம் விளக்கக் கடிதம் கேட்டது. எழுதிக் கொடுத்தாள். மறந்துவிட்டேன் என்று எழுதினாள். பக்கத்து ஜன்னல்காரர் அதைப் படித்துவிட்டு, “நீயா மறந்த?” என்றார்.

ஆறு வாரம் மருத்துவமனையிலும் வீட்டிலுமாக இருந்து மேஸ்திரி தேறினார். டாக்டர் லித்தியத்தைக் குறைந்த அளவில், ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். நல்ல மருந்து அது, வேலையை ஒழுங்காகச் செய்தது. நகரத்தை விலைக்கு வாங்குகிற பேச்சு போனது. தெளிவு வந்தது. தெளிவோடு பழைய சங்கதிகளும் வந்தன.

மறுபடி அவர் மூன்றாவது ஜன்னலுக்கு வந்தபோது தனியாக வந்தார். கை அசையவில்லை. கேள்விக்காரி மூன்று கேள்வியையும் கேட்டாள். ஒழுங்காகப் பதில் சொன்னார். வலிக்கு வேறு மாத்திரை டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார், சிவப்பு அட்டை கிட்டக்கூடப் போவதில்லை என்றார். மாத்திரை உறையை நீட்டி, அவர் கையில் அது போய்ச் சேர்ந்த பிறகு முகக்கவசத்தைக் கழற்றினாள்.

அவர் முகம் வெளிறிப்போனதை அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

“டைல்ஸ் தம்பியோட அக்கா,” என்றார் மெதுவாக. பிறகு, “நீங்கதான் என்னைக் காப்பாத்துனீங்கன்னு பொண்ணு சொன்னா” என்றார்.

“ஆமா. உங்களுக்கு ஞாபகம் தப்பக் கூடாது. அதுக்குத்தான்.”

பின்னால் வரிசை முணுமுணுத்தது.

“நான் மூணு கேள்வி கேட்டேன். நீங்க ஒண்ணு கேளுங்க,” என்றாள். “என் தம்பி எப்படி இருக்கான்னு கேளுங்க.”

அவருக்குக் கண் கலங்கியது. அவள் இரங்கவில்லை. காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

“தம்பி,” என்று ஆரம்பித்தார். “தம்பி எப்படி இருக்கான்?”

“இன்னிக்குக் காலையில சட்டை போட ஒன்பது நிமிஷம் ஆச்சு. அஞ்சு பொத்தான். நாலாவது பொத்தான் ரெண்டு தடவை கை நழுவுச்சு. டம்ளரை ரெண்டு கையால பிடிச்சான், பாதி சட்டையில கொட்டிடுச்சு. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சான். சமையலறையில ஒரு கல் மட்டம் இல்லாம இருக்கு. அது மேல மட்டும் காலை வெச்சுத் தேய்ச்சுப் பார்ப்பான். ஏன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மாத்திரையை ஒரு வேளை கூட விடாதீங்க. தண்ணி நெறைய குடிங்க,” என்று சொல்லிக்கொண்டே முகக்கவசத்தை மாட்டினாள். “அடுத்த மாசமும் இந்த ஜன்னலுக்கே வாங்க. வந்து கேளுங்க.”

பிறகு அவருடைய தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அடுத்தவரைச் சீட்டை நீட்டச் சொன்னாள்.