லலிதா அத்தையின் ஊக்குகள்

சென்ற செவ்வாய்க்கிழமை வேதியியல் வகுப்பின் நடுவே அப்பா வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டேன். "லலிதா அத்தை போயிட்டாடி. மாரடைப்பு" என்றார்.

அப்பாவின் அக்காவான அத்தையை எங்கள் வலியசாலைத் தெருவில் தெரியாதவர் இல்லை. அவர் வேலைதான் பலருக்குத் தெரியாது. காந்தமானி என்ற கருவியோடு நடந்தே, மண்ணுக்குள் இரும்பு புதைந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். காணாமல் போனவர்களைத் தேடும்போது காவல்துறை அவரை அழைக்கும். "புதையல் கிட்டினா எனக்குப் பாதி, மாமி" என்று பூக்காரர் சீண்டுவார். "எனக்குக் கெடைக்கறதை நீ வாங்கிக்க மாட்டே" என்பார் அத்தை.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்ததை அத்தையே என்னிடம் சொன்னார். வித்துராவுக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் செல்லம்மாளின் மகன் காணாமல் போய் அப்போது ஆறு வருடம். அவனைக் கொன்று, சைக்கிளோடு ஒரு ரப்பர் தோட்டத்தில் புதைத்துவிட்டதாகத் தகவல். அத்தை கயிறு கட்டி, வரிசை வரிசையாக நடந்து, இரண்டு இடங்களைக் குறித்தார். தோண்டினால் வெறும் மண். "மதி, போதும் மேடம், இங்க ஒண்ணும் இல்லா" என்று மலையாளி இன்ஸ்பெக்டர் கிளம்பச் சொல்லிவிட்டார்.

திரும்பும் ஜீப்பில்தான் அத்தையின் கை தாலிச் சங்கிலியில் பட்டது. அதில் இரண்டு ஊக்குகள். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கோத்து வைத்திருப்பார்கள். தங்கத்தால் கருவிக்குக் கெடுதல் இல்லை. ஊக்கு இரும்பு, நடக்க நடக்க ஆடி, அன்றைய அளவுகள் அத்தனையையும் கெடுத்திருந்தது.

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தை வண்டியைத் திருப்பச் சொன்னார். செல்லம்மாள் குழியோரத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"தப்பு என்னோடதும்மா. இந்த ஊக்குதான் கெடுத்துடுத்து. நாளைக்கு மறுபடி நடக்கறேன்."

"நடங்கம்மா. ஆறு வருசம் இருந்துட்டேன், இன்னொரு ராத்திரி இருக்க மாட்டனா?"

மறுநாள் பத்தாவது வரிசையில் சைக்கிள் கிடைத்தது. அதனடியில் மகன்.

அதன்பின் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஊக்குகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பார். "எண்ணிக்கோடி. ஒண்ணு கொறைஞ்சா என் மேலதான் இருக்குன்னு அர்த்தம்."

புதன்கிழமை அத்தைக்குப் புதுப்புடவை சார்த்தினார்கள். காற்றில் தலைப்பு நிற்கவில்லை. "ஒரு ஊக்கு குடுடி" என்றார் பக்கத்து வீட்டு மாமி. என் தாவணியில் இருந்தது, கொடுக்கவில்லை. "கெளம்பறச்சே அத்தை போட்டுக்க மாட்டா, மாமி" என்றேன். மாமிக்குப் புரியவில்லை. வித்துராவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த செல்லம்மாள் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார். தலைப்பைத் தன் கையால் பிடித்துக்கொண்டார். தூக்கும்வரை விடவில்லை.

போய் வாருங்கள், அத்தை. உங்கள் சங்கிலியிலிருந்து கழற்றிய ஊக்குகளை எண்ணிவிட்டேன். ஒன்றும் குறையவில்லை.