அந்தப் பெண்ணின் முறை

எக்ஸ் கதிர்களைக் காற்று விழுங்கிவிடும். தரைக்கு ஒன்றும் வந்து சேராது. அதனால் அவற்றைப் பார்க்கும் தொலைநோக்கியைச் செயற்கைக்கோளில் ஏற்றி மேலே அனுப்பினோம். இருப்பது ஒன்று, கேட்பவர்களோ ஏராளம். யாருக்கு எப்போது என்று முறை வைக்கும் குழுவுக்குச் சில ஆண்டுகள் நான் தலைவன். நன்னிலம் பக்கத்துக் குத்தகைக்காரர் வீட்டிலிருந்து அந்த நாற்காலிவரை வந்ததில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

ஒரு மாணவிக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தோம். பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்துக்கொண்டிருந்த ஒரு நியூட்ரான் விண்மீனைப் பார்த்தால்தான் அவள் ஆய்வேடு முடியும். அதற்கு முந்தின நாள் காலை, வேறெங்கோ ஒரு கருந்துளையருகே வெளிச்சம் பொங்கியது. சில நாளில் அடங்கிவிடும் என்பதால் பெரிய குழு ஒன்று உடனே பார்க்கக் கேட்டது. மாணவியின் நேரத்தை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தேன். அவளுடைய விண்மீன் அடுத்த வாரமே சூரியன் பக்கம் போய்விடும், அந்தத் திசையில் கருவியைத் திருப்ப முடியாது, பல மாதம் அவள் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்தே செய்தேன்.

ஞாயிறன்று அம்மாவிடம் போனில் இதைப் பெருமையாகச் சொன்னேன். கருந்துளை அவ்வளவு அருமையாகப் பதிவாகியிருந்தது.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு?" என்றாள்.

அம்மா எங்கே வருகிறாள் என்று புரிந்துவிட்டது. சென்னையில் ஆட்சி மாறி, ஊரில் செங்கொடி ஏறிய காலத்தில், அப்பா துணிந்து குத்தகைதாரராகத் தன் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் பதிந்துகொண்டார். மேலே இருக்கிற வயலுக்கே தண்ணீர் போதவில்லை என்று சாக்குச் சொல்லி, நிலத்துக்காரரான பண்ணையார் எங்கள் வாய்க்கால் முறையை நிறுத்தினார். குறுவை கதிர் வாங்கும் நேரம். அத்தனையும் பதராகிப்போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அது வேறம்மா. அவரு வேணும்னே செஞ்சாரு. இங்க நெஜமாவே அவசரம்."

"இருக்கட்டும். அந்தப் பொண்ணுகிட்ட நீ பேசினியா?"

"ஆபீஸ்ல சொல்லி மெயில் அனுப்பிட்டேன்."



"தண்ணி இல்லேன்னு எங்களுக்கும் ஆள் விட்டுத்தான் சொன்னாங்க," என்றாள் அம்மா.

வெட்கமாக இருந்தது. உடனே அந்த மாணவியைக் கூப்பிட நினைத்தேன். என்னிடம் அவள் எண் இல்லை. அதற்கும் ஆபீஸ் ஆளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.